கல்யாணப் பூவை வீட்டிலேயே கட்டுகிறவர்களுக்கு

முகூர்த்தம் எத்தனை மணிக்கு? கல்யாணப் பூவைத் தாங்களே கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லி யார் யோசனை கேட்டு வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். என்ன பூ, என்ன நிறம், எத்தனை மாலை என்பதெல்லாம் அப்புறம். காலை ஆறு மணி முகூர்த்தத்துக்கு ஒரு கணக்கு, பத்தரை மணிக்கு வேறு கணக்கு, சாயங்கால ரிசப்ஷனுக்கு இன்னொரு கணக்கு. ஊசியும் நூலும் எந்தத் தெருவிலும் கிடைக்கும். பூ எப்போது விரியும், எப்போது வாடும் என்பதைத் தெரிந்துகொண்டு தாலி கட்டும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவதுதான் இந்தத் தொழிலில் பாதி.

நாங்கள் மதுரையில் பூக்கட்டிப் பிழைத்த குடும்பம். அம்மா உதிரிப்பூ வாங்கிச் சரம் கட்டி விற்றார். நான் மாலைக்கும் சடைக்கும் வந்தேன். இப்போதெல்லாம், "அக்கா, நீங்க கட்ட வேணாம், சொல்லிக் குடுங்க, நாங்களே கட்டிக்கிறோம்" என்று வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அது எனக்குச் சந்தோஷம்தான். என் சின்ன வயதில் பார்த்த கல்யாண வீடுகளில் அத்தை, சித்தி, மதினி எல்லாரும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பூக்கட்டினார்கள். யார் கட்டும் சரம் நெருக்கம், யாருடையது தொளதொள என்று பேச்சு ஓடும். அந்த வழக்கம் திரும்புகிறதென்றால் அதற்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுப்பது என் வேலை என்றே நினைக்கிறேன்.

ஆனால் எதை வீட்டில் கட்டுவது, எதை ஆளிடம் விடுவது என்று முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். மணவறை அலங்காரத்தையும் வாசல் வளைவையும் விட்டுவிடுங்கள். ஏணி, சவுக்குக் கம்பு, ராத்திரி முழுக்க நிற்கும் ஆட்கள் என்று அது தனித் தொழில். தலைக்கு வைக்கும் சரம், வரவேற்புத் தட்டில் வைக்கும் பூ, பெண் மாப்பிள்ளை மாலை, சம்பந்தி மாலை, கை பழகியவர் ஒருவர் இருந்தால் சடை, இவ்வளவும் வீட்டில் முடியும். மாலைகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெண்ணுக்கு, மாப்பிள்ளைக்கு, மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி, இரு பக்கத்துப் பெற்றோருக்கு, சாமி படத்துக்கு. கணக்கில் விட்டுப்போவது பெரும்பாலும் தாய்மாமன் மாலைதான். அதனால் வரும் மனத்தாங்கல் பேரப்பிள்ளை காதுகுத்து வரைக்கும் தொடரும்.

இனி மல்லிக்கு வருவோம். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதழ் தடிப்பு, காம்பு நீளம், வாசம் என்று அதற்குப் பல பெருமை உண்டு. கட்டுகிறவளுக்கு அந்தக் காம்பு நீளம்தான் முக்கியம். காம்பு குட்டையாக இருந்தால் நார் பூவின் கழுத்தில் ஏறி இதழை நெரிக்கும். காம்பு நீளமாக இருந்தால் கட்டு கீழே நிற்கும், மொட்டு சுதந்திரமாக விரியும். மல்லியை மொட்டாகவே விடியற்காலையில் பறிக்கிறார்கள். மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு அது காலையில் வந்துவிடும். அன்றைக்குச் சாயங்காலம் பொழுது சாய்ந்ததும் அது விரியத் தொடங்கும். விரிந்த பிறகு கட்டினால் கைபட்ட இடமெல்லாம் பழுப்பேறும். ஆகவே மல்லியைப் பகலிலேயே, மொட்டாக இருக்கும்போதே கட்டி முடித்துவிட வேண்டும்.

சாயங்கால ரிசப்ஷன் என்றால் கணக்கு எளிது. அன்று காலை வாங்கி, மதியத்துக்குள் கட்டி, நான்கு மணி வாக்கில் தலையில் வைத்தால் விருந்தாளிகள் வரும்போது பூ பெண்ணின் தலையிலேயே விரியும். அதைவிட அழகு எனக்குத் தெரிந்து வேறில்லை. விடியற்கால முகூர்த்தம்தான் கஷ்டம். முந்தின நாள் காலை மொட்டை வாங்கி, உச்சிக்குள் கட்டி, ஈரத்துணியில் சுற்றிக் குளிர்ந்த இடத்தில் வைத்து, விரிவதைத் தள்ளிப்போட வேண்டும். வாங்கும்போதே மொட்டைப் பார்த்து எடுங்கள். நன்கு வெளுத்து, நுனி இறுகி இருக்க வேண்டும். பச்சை ஓடிய பிஞ்சு மொட்டு விரியாமலே நிறம் மாறிவிடும். கையை உதிரிப்பூவுக்குள் விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அது மூட்டைக்குள் நெடுநேரம் அடைபட்டுக் கிடந்த பூ. மேலே எவ்வளவு வெள்ளையாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

நார் வாங்குவதில் சிக்கனம் கூடாது. வாழைநார்க் கட்டைச் சந்தையைச் சுற்றியே விற்கிறார்கள். காய்ந்த நார் விறைப்பாக இருக்கும், அப்படியே எடுத்தால் முறியும். தண்ணீரில் ஊறப்போட்டு, துவண்டதும் எடுத்து, நகத்தால் ஓரத்தில் கீறி, கீற்று கீற்றாகக் கிழிக்க வேண்டும். தலைக்கு வைக்கும் சரத்துக்கு மெல்லிய கீற்று, மாலைக்குக் கொஞ்சம் அகலம். கிழித்ததை ஈரத்துணிக்குள் சுருட்டி வைத்து, ஒவ்வொன்றாக உருவிக் கட்ட வேண்டும். வெள்ளைப் பருத்தி நூலிலும் கட்டலாம். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு நூல்தான் சுலபம், நானும் மறுக்க மாட்டேன். நைலான் நூல் மட்டும் ஆகவே ஆகாது. அது ஈரத்தை வாங்காது, இறுக்கினால் காம்பை அறுத்துவிடும், அறுந்த காம்பு ஒரு மணி நேரத்தில் பூவை உதிர்த்துவிடும். நனைந்த நார் பட்டையாக இருப்பதால் காம்பைத் தழுவிப் பிடிக்கும், தன் ஈரத்தில் கொஞ்சம் பூவுக்கும் கொடுக்கும்.

கட்டுகிற விதத்தை எழுத்தில் சொல்வது சிரமம், இருந்தாலும் சொல்கிறேன். நாரின் முனையை இடது கைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு மொட்டுகளைத் தலை வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். இன்னும் இரண்டை, தலை உங்கள் பக்கம் பார்க்க, அவற்றின் காம்புமேல் காம்பு படும்படி வையுங்கள். நாரை நான்கு காம்பையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றி, வலது கை விரலில் ஒரு வளையம் போட்டு, அந்த வளையத்தை மொட்டுகளின் தலைவழியாக மாட்டி இழுத்தால் ஒரு கண்ணி விழுந்தது. அடுத்த கண்ணி இதை ஒட்டி. நார் தீரும் தறுவாயில் முடிச்சுப் போட வேண்டியதில்லை. புதுக் கீற்றைப் பழையதன்மேல் படுக்கவைத்து, அடுத்த இரண்டு கண்ணியை இரண்டையும் சேர்த்துப் போட்டால் தானே பிடித்துக்கொள்ளும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைக் கைதான் கற்றுக்கொள்ளும். காம்பில் ஈரம் கசிந்தால் இறுக்கம் அதிகம். சரத்தைத் தூக்கி மெதுவாக உதறும்போது மொட்டு நழுவினால் இறுக்கம் குறைவு. "பூவை அமுக்காதடி, தாங்கு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு அது பிடிபட வெகுநாள் ஆனது, இப்போது நானும் அதையேதான் சொல்கிறேன்.

கடைத்தெருவில் சிலர் நாரைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு கட்டுவார்கள். வேகத்துக்கு அது உதவும். சாமிக்கும் கல்யாணத்துக்கும் நாங்கள் அப்படிக் கட்டுவதில்லை. ஜன்னல் கம்பியிலோ நாற்காலிக் காலிலோ நாரைக் கட்டிக்கொண்டால் அதே வசதி கிடைக்கும்.

மாலைக்குக் கண்ணி போடும் வேலை குறைவு, கோப்பதே அதிகம். அதற்கு மாலை ஊசி வேண்டும், ஒரு சாணுக்குக் குறையாத நீளத்தில், காது பெரிதாக இருப்பது. கோணி ஊசி வேண்டாம், அது தடிமனாக இருப்பதால் சம்பங்கியைக் கிழித்துவிடும். நூல் இரட்டையாக, நல்ல முறுக்குள்ளதாக இருக்க வேண்டும். நூலை மெழுகில் ஒரு தரம் இழுத்துக்கொண்டால் சிக்காது. மாலைக்கு ஒற்றைச் சம்பங்கிதான், அடுக்குச் சம்பங்கி வேண்டாம். இப்போது நிறைய வருவது பிரஜ்வல் என்ற ரகம், மொட்டின் நுனியில் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். பூவைக் குழல் பகுதியில் குறுக்காகக் குத்தி, ஒன்று இடம் ஒன்று வலம் என்று திருப்பித் திருப்பிக் கோத்து ஊசி நிறைந்ததும் நூலுக்குத் தள்ள வேண்டும். தள்ளும்போது கடைசிப் பூவைப் பிடித்துத் தள்ளாதீர்கள். கொத்தாக எல்லாவற்றையும் அணைத்துத் தள்ளினால் இதழ் மடங்காது. பன்னீர் ரோஜா இதழ் மாலை என்றால் இதழை இரண்டாக மடித்து நடுவில் குத்த வேண்டும். பார்க்க எளிதாக இருக்கும், ஒரு மாலைக்குக் கூடை கூடையாக இதழ் போகும், எடையும் ஏறும். மாப்பிள்ளைக்கு அது சரி. மெலிந்த பெண்ணின் கழுத்தில் மூன்று மணி நேரம் அது தொங்க வேண்டும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

மாலையில் யாரும் பார்க்காத இடம் பிடரி. எனக்கு அந்த இடம்தான் முக்கியம். தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் இரண்டு கையும் பெண்ணின் பிடரிக்குப் போகின்றன. பின்னால் நாத்தனார் நிற்கிறாள், மிச்ச முடிச்சு அவளுக்கு. அந்த இடத்தில் மாலை மொத்தமாக இருந்தால், சடையும் அதன்மேல் பூவும் சேர்ந்து முடிச்சுப் போட இடமே இருக்காது. கெட்டிமேளம் முழங்கிக்கொண்டே இருக்கும், விரல்கள் பூவுக்குள் தடவிக்கொண்டே இருக்கும். பணம் வாங்கிக்கொண்டு செய்த பெரிய மாலைகளிலேயே இப்படி நடந்ததை எத்தனையோ கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். பிடரியில் வரும் ஒரு சாண் அளவுக்குப் பூவே வேண்டாம். நூலைப் பருத்தித் துணியாலோ ரிப்பனாலோ சுற்றி, விரல் மொத்தத்துக்குள் நிறுத்துங்கள். கம்பி அங்கே வரவே கூடாது. முள் உரசவும் கூடாது.

நீளமும் அப்படித்தான். நின்று பார்த்து அளவெடுக்கிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரப் போவது ஹோமகுண்டத்துக்கு முன்னால். குனிந்து பொரி போடும்போது மாலையின் குஞ்சம் தீப்பக்கம் தொங்கும். அதனால் சம்மணம் போட்டு உட்கார வைத்து இஞ்ச் டேப்பால் அளக்க வேண்டும். குஞ்சம் மடியில் படிந்து நிற்கும் அளவு போதும். ரிசப்ஷனுக்கு முழங்கால் வரை போகட்டும், அங்கே நிற்கத்தான் போகிறார்கள்.

கோத்து முடித்த மாலையைச் சுருட்டிப் பெட்டியில் வைக்காதீர்கள். கூடத்தில் ஒரு கயிறு கட்டி, கொக்கி மாட்டி, பிடரிப் பகுதியால் தொங்கவிடுங்கள். தொங்கினால்தான் நூல் எடைக்குத் தகுந்தபடி இழுபட்டு நிற்கும், இடைவெளி விழுந்தால் தெரியும், தண்ணீரும் வடியும். ஈரம் சொட்டும் மாலையைப் பட்டுமேல் போட்டால் கறை நிற்கும், அப்புறம் போகாது. ஊசிகளை எண்ணி எடுத்து, எண்ணி டப்பாவில் போட வேண்டும். இதில் நான் கடுமையானவள். ஓர் ஊசி குறைந்தால் அது கிடைக்கும்வரை ஒரு மாலையும் வீட்டைவிட்டுப் போகாது.

சடை செய்ய விரும்புகிறவர்கள் ஒரு வாரம் முன்னாலேயே காகிதத்தில் பழகிப் பார்க்க வேண்டும். கடைகளில் அட்டைமேல் பூ ஒட்டி விற்கிறார்கள். பசை காய்ந்ததும் பூ உதிரும், அட்டை ஈரத்தில் ஊறி மடங்கும். நாங்கள் பயன்படுத்துவது வாழைமட்டையின் காய்ந்த பட்டை. அதைப் பெண்ணின் சடை நீளத்துக்கு, மேலே நான்கு விரல் அகலம், கீழே இரண்டு விரல் அகலம் என்று கத்தரித்து, தண்ணீரில் நனைத்து எடுக்க வேண்டும். காய்ந்த பட்டையில் ஊசி ஏறினால் நீளவாக்கில் பிளந்துவிடும். நனைத்ததில் ஊசி சத்தமில்லாமல் ஏறும். ஒரே அளவு மொட்டுகளைத் தனியே பொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து மொட்டைக் காம்பில் கோத்து, பட்டையின் குறுக்கே படுக்கவைத்து, இந்த ஓரத்தில் ஒரு தையல், அந்த ஓரத்தில் ஒரு தையல். அடுத்த வரிசை முதல் வரிசையின் காம்பை மூடும்படி வர வேண்டும். இப்படி மேலிருந்து கீழே காம்பு தெரியாமல் மொட்டு மட்டும் தெரியும்படி தைத்துக்கொண்டே போகலாம். நான்கு வரிசைக்கு ஒரு தரம் ஒரு வரிசை ரோஜா இதழோ, கனகாம்பரமோ, ஜரிகை நாடாவோ. கல் வைத்த வில்லைகளை அளவாக வையுங்கள், எடை கூடினால் சடை பின்னந்தலையை இழுத்துக்கொண்டே இருக்கும், பெண்ணுக்குத் தலைவலி வந்துவிடும். ஓரத்தில் இரு பக்கமும் நாடா வைத்துத் தைத்தால் பின்னிய சடையோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். அடியில் குஞ்சலம்.

தாழம்பூ வைத்துத் தைக்க ஆசைப்பட்டால், மடலின் ஓரத்திலும் நடு நரம்பிலும் இருக்கும் முள்ளைக் கத்தியால் சீவிவிட்டு வையுங்கள். அதன் வாசம் அறையையே நிறைத்துவிடும். மல்லி அதோடு போட்டி போட முடியாது, ஆகவே இரண்டில் ஒன்று.

ரோஜா, ஜெர்பரா, கார்னேஷன் என்று கொத்தாக வரும் பூவுக்கு வேறு பாடம். ஓசூர்ப் பக்கத்து நீளக்காம்பு ரோஜாவும், நீலகிரிக் கூடாரங்களில் விளையும் கார்னேஷனும் தாளில் சுற்றி வருகின்றன. வந்ததும் கட்டைப் பிரித்து, தண்ணீருக்குள் முங்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, காம்பின் அடியைக் கூரிய கத்தியால் சாய்வாக ஓர் அங்குலம் வெட்டி, உடனே வாளியில் நிறுத்த வேண்டும். கத்தரிக்கோல் காம்பை நசுக்கும், கத்திதான் நல்லது. வாளியைச் சாம்பலோ சோப்போ போட்டுத் தேய்த்துக் கழுவி வையுங்கள். அழுக்கு வாளியில் பெருகும் கிருமி காம்பின் குழாயை அடைத்துவிடும். தண்ணீருக்குள்ளேயே நிற்கும் ரோஜா தலை தொங்குவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்த ரோஜாவைத்தான் வேலைக்கு எடுக்க வேண்டும். கிறிஸ்தவ வீட்டுக் கல்யாணத்துக்குக் கைச்செண்டு கட்டுகிறவர்களும் இதே கணக்கில், ஒருநாள் முன்னதாக வாங்கிவிடுங்கள். செண்டுக் காம்புகளை ஒரே பக்கமாகச் சாய்த்து, சுழற்சியாக அடுக்கினால் கட்டும் இடம் மெலிந்து கைக்கு அடங்கும்.

மேஜைமேல் வைக்கும் பூவுக்கு இப்போது எல்லாரும் பச்சை நிற ஸ்பாஞ்ச் கட்டி கேட்கிறார்கள். ஓயாசிஸ் என்பது அதைச் செய்த அமெரிக்கக் கம்பெனி அதற்கு வைத்த பெயர், 1954-இல் வந்தது, பூக்கடையில் அதுவே பொருளின் பெயராகிவிட்டது. பயன்படுத்துவதானால் தண்ணீர்மேல் மிதக்கவிட்டுத் தானாக மூழ்கும்வரை காத்திருக்க வேண்டும். கையால் அமுக்கினால் வெளியே நனைந்து நடுவில் காற்று நின்றுவிடும், அந்த இடத்தில் குத்திய பூ முதலில் சாகும். ஆனால் நான் அதை விரும்புவதில்லை. அது மக்காது, தூளாகி மண்ணோடும் தண்ணீரோடும் கலந்தே கிடக்கும். கல்யாண வீட்டில் வாழைமரம் கட்டாமல் இருப்பதில்லை. அந்த வாழையின் தண்டையே ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, அடியைத் தட்டையாகச் சீவி, தட்டில் கிடத்திப் பூக்காம்பைக் குத்திப் பாருங்கள். காம்பு மென்மையாக இருந்தால் முதலில் ஈர்க்குச்சியால் துளை போட்டுக்கொள்ள வேண்டும். தண்டிலேயே தண்ணீர் இருக்கிறது, ஒரு பகல் முழுக்கத் தாங்கும். மறுநாள் அதை மாட்டுக்குப் போடலாம்.

பூவை எங்கே வைப்பது என்பதில்தான் கல்யாண வீடுகள் கோட்டை விடுகின்றன. பூட்டி வைக்கத் தோதான அறை என்று சீர்வரிசைத் தட்டு வைத்திருக்கும் அறையிலேயே பூக்கூடையையும் கொண்டுபோய் வைப்பார்கள். அங்கே வாழைத்தார், ஆப்பிள், மாம்பழம் எல்லாம் பழுத்துக்கொண்டிருக்கும். பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். பழத்தைக் கனியவைக்கும் அதே வாயு பூவைக் கிழடாக்கிவிடும். கார்னேஷன் ஒரே ராத்திரியில் சுருங்கி மூடிக்கொள்வது இதனால்தான். பூவுக்குத் தனி அறை வேண்டும், வெயில் படாத, ஃபேன் காற்று நேராக அடிக்காத அறை. உதிரிப்பூவையும் சரத்தையும் மூங்கில் கூடையில் வாழை இலை விரித்து, ஈரத்துணி போட்டு மூடுங்கள். துணி நனைந்து பிழிந்ததாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூ உள்ளேயே வியர்த்துக் கறுத்துவிடும். பிரிட்ஜில் வைப்பதானால் கீழ்த்தட்டில், துணியில் சுற்றி, ஒரு பாத்திரத்துக்குள். ஐஸ் நேராகப் பட்ட மல்லி கண்ணாடிபோல் ஆகி, வெளியே எடுத்ததும் பழுப்பாகும்.

பூ வாங்கும்போது சிலதை நான் தொடுவதே இல்லை. சாயத்தில் தோய்த்த நீலச் சம்பங்கி, பச்சைச் செவ்வந்தி, தங்க வர்ணம் அடித்த இலை, எல்லாமே வியர்வை பட்டதும் பட்டிலும் வேட்டியிலும் இறங்கும். சம்பங்கியின் வெள்ளையைவிட நல்ல நிறம் ஒன்றை அதன்மேல் பூசிவிட முடியாது என்பது என் உறுதியான எண்ணம். அரளி பற்றியும் சொல்லியாக வேண்டும். மாலைக்கு அது அழகான, உழைக்கிற பூ. தோவாளை மாணிக்க மாலை அரளியையும் நொச்சி இலையையும் மடித்துக் கட்டுவதுதான், அந்தக் கைவேலையைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். ஆனால் அரளிச்செடி முழுக்க நஞ்சு. 2024-இல் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளி சேர்க்க வேண்டாம் என்று நிறுத்தியது. படத்துக்கும் தூணுக்கும் கட்டுங்கள். பந்தி இலைப் பக்கமும் தாம்பூலத் தட்டிலும், குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்திலும் வேண்டாம். கட்டி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் காபி டம்ளரைத் தொட வேண்டும்.

தை மாதக் கல்யாணக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பங்குனி, சித்திரையில் கொட்டிக் கிடக்கும் மல்லி, பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து, மொட்டும் சிறுத்துவிடும். அதே தையில்தான் முகூர்த்தங்கள் குவிகின்றன, கிலோ ஆயிரங்களில் போகும். கடன் வாங்கி மல்லி வாங்க வேண்டாம். தலைக்கு மட்டும் கொஞ்சம் மல்லியோ பிச்சியோ வைத்துக்கொண்டு, வரவேற்புத் தட்டுக்கும் மாலைக்கும் காக்கட்டானைக் கட்டுங்கள். அதற்கு வாசம் குறைவு, ஆனால் வாடாமல் நிற்பதில் கெட்டி. நடுநடுவே மரிக்கொழுந்தைச் சேர்த்தால் வாசக் குறை தெரியாது. நந்தியாவட்டை மொட்டும் சரத்துக்கு நன்றாக ஒத்துவரும். விலை அன்றன்றைக்கு மாறும் என்பதால், சந்தையில் தெரிந்த ஒரு வியாபாரியிடம் ஒரு வாரம் முன்னாலேயே எடை சொல்லி முன்பணம் கொடுத்துவிடுவது நல்லது. அவர் உங்களுக்கென்று எடுத்து வைப்பார். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் போய் நின்றால் கிடைப்பதைத்தான் வாங்க வேண்டிவரும்.

ஆள் கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுகிறவர் ஒருவருக்கு, மொட்டுப் பொறுக்கி நான்கு நான்காக அடுக்கிக் கொடுக்க ஒருவர் பக்கத்தில் வேண்டும். பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை அது, அவர்கள் விரல்களும் சின்னவை. திருமங்கலம் பக்கம் ஒரு கல்யாண வீட்டில், கண் பார்வை குறைந்த ஓர் அப்பத்தா, விரலால் தடவியே சின்ன மொட்டையும் பெரிய மொட்டையும் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். "நீ பாத்துக் கட்டு ஆத்தா, நான் தடவிப் பாக்குறேன்" என்றார். அவர் பிரித்த குவியலில் ஒரு மொட்டுகூட அளவு மாறவில்லை. பெண்ணின் சடைக்கு அந்தக் குவியலைத்தான் எடுத்துக்கொண்டேன்.

மண்டபத்துக்குக் கிளம்பும்போது ஒரு துணிப்பை தனியாகப் போக வேண்டும். அதில் ஊசி இரண்டு நூல் கோத்தபடி, நனைந்த நார்ச் சுருள் ஒன்று, சின்னக் கத்தரி, ஊக்கு, கொண்டை ஊசி, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், ஈரத்துணியில் இரண்டு கைப்பிடி உதிரி மொட்டு, நான்கு முழம் உபரிச் சரம். மாலை மாற்றும்போது ஒரு குஞ்சமாவது அறுந்து விழும், யாராவது கட்டிப்பிடித்து வாழ்த்தும்போது சடையில் ஒரு வரிசை கலையும். இரண்டு நிமிஷத்தில் தைத்துவிடலாம், பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால். அதைப் பெண்ணின் அம்மாவிடம் கொடுக்காதீர்கள், அவருக்கு அன்று ஆயிரம் வேலை. பந்தி கவனிக்கிறவரிடமும் வேண்டாம். பெண்ணுக்குப் பக்கத்திலேயே நிற்கப்போகிற மதினியிடமோ தங்கச்சியிடமோ கொடுத்து, எங்கே போனாலும் தோளிலேயே மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.